விமானத்தில் வரும் பல் மருத்துவர்

மூன்று வயதுக் குழந்தையின் மேல்வரிசை முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெளிறிய கோடு. சொத்தை தொடங்கும்போது பார்வைக்கு இவ்வளவுதான். வலி இருக்காது. குழந்தை வழக்கம்போலச் சாப்பிடும், விளையாடும். வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோடான எனாமலில் இருந்து தாதுக்களைக் கரைத்து எடுக்கிறது. கரைந்த இடம்தான் வெளிறித் தெரிகிறது. இந்தக் கட்டத்தில் யாராவது பார்த்து, சின்னத் தூரிகையால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் மறுபடி பல்லில் படிந்து அந்த இடம் கெட்டிப்பட வாய்ப்பு உண்டு. பூச ஆகும் நேரம் ஓரிரு நிமிடம்.

யாரும் பார்க்காவிட்டால்? பால்பல்லின் எனாமல், பிறகு முளைக்கும் பல்லின் எனாமலைவிட மெல்லியது. சில மாதங்களிலேயே ஓட்டை விழலாம். அப்போதும் மோசமில்லை, அரை மணி நேரத்தில் சுரண்டி அடைத்துவிடலாம். அதையும் தவறவிட்டால் சொத்தை நரம்பு வரைக்கும் இறங்கும். வலி, வீக்கம், சீழ். அந்த நிலைக்குப் போன பால்பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். ஒன்று போய் ஏழெட்டுப் பல் இப்படி ஆகிவிட்டால், அவ்வளவு சின்னப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துச் செய்ய முடியாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இரண்டு நிமிடத் தூரிகை வேலை, அரை மணி நேர அடைப்பு, விமானம் ஏறிப்போய் அறுவை அரங்கில் மயக்கம். மூன்றும் ஒரே நோய்க்கான சிகிச்சைகள். எது வாய்க்கும் என்பது பல்லைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தக் குழந்தையை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் பல் மருத்துவம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது முதலில் மனதில் வைக்கவேண்டியது இந்தக் கால இடைவெளியைத்தான். தூரம், பணம் எல்லாம் அதற்குப் பிறகு.

பணம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம். பூர்வகுடி மக்களுக்குப் பல் சிகிச்சை கட்டுப்படியாவதில்லை, காப்பீடு கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கனடாவில் பதிவு பெற்ற ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட் என்ற பூர்வகுடி மக்களுக்கு பல் செலவை ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு அவர்களுடைய சொந்தச் சுகாதார அமைப்புகளே சிகிச்சை தருகின்றன. அப்படியும் 2008-09 காலத்தில் கனடாவின் இனுயிட் ஊர்களில் நடந்த வாய்நல ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 85 பேருக்குச் சொத்தை இருந்தது அல்லது முன்பே வந்து போயிருந்தது. 2008-இல் கிராமப்புற அலாஸ்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 4, 5 வயதுப் பிள்ளைகளில் 87 சதவீதம். காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதைக் காட்டப் பல் மருத்துவரின் நாற்காலி இல்லை. (ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1984-இல் வந்த மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, பொதுவான பல் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே வெளியே விட்டுவிட்டது. அங்கே பணமும் ஒரு சுவர்தான்.)

நாற்காலி ஏன் இல்லை?

இதைப் புரிந்துகொள்ள அலாஸ்காவின் தென்மேற்கே உள்ள யூகான்-குஸ்கோக்விம் கழிமுகத்தைப் பார்ப்பது நல்லது. இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலில் கலக்கும் சதுப்பு நிலம். பெரும்பாலும் யூப்பிக் என்ற பூர்வகுடி மக்கள் வாழும் சுமார் 50 கிராமங்கள். சில நூறு பேர் கொண்ட கிராமங்களே அதிகம். நடுவில் பெத்தெல் என்ற சிறு நகரம். பெத்தெலுக்கும் அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜுக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம், சாலை கிடையாது. பெத்தெலில் இருந்து கிராமங்களுக்கும் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆறு உறைந்து அதுவே சாலையாகிவிடும், பனிவண்டி ஓடும். ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் உருகத் தொடங்கும் வாரங்களிலும் இரண்டும் முடியாது. மிச்சம் இருப்பது சிறு விமானம், அதுவும் மேகம் கலைந்தால்.

இங்கே பல் மருத்துவர் எப்படி வருவார்? மடக்கி எடுக்கும் நாற்காலி, கையடக்க எக்ஸ்ரே கருவி, துளையிடும் கருவிக்குக் காற்று கொடுக்கும் சின்ன கம்ப்ரஸர், கருவிகளைக் கிருமி நீக்கும் பாத்திரம் என்று எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு ஒரு வாரப் பயணமாக வருவார். கிராம மருந்தகத்திலோ பள்ளிக்கூடத்தின் ஓர் அறையிலோ கடை விரிப்பார். வானிலை கெட்டால் முதல் நாள் போகும். கம்ப்ரஸர் மக்கர் பண்ணினால் இரண்டாவது நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேர் உள்ள ஊர், வருடத்துக்கு ஒருமுறை 5 நாள் முகாம், நாளுக்கு 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். 50 பேரைப் பார்க்கலாம். எந்த 50 பேர்? வலியில் துடிப்பவர்கள் முதலில். நியாயம்தான். அவர்களுக்கு என்ன செய்யலாம்? அடைத்துத் திரும்ப வரவழைத்துப் பார்க்கும் வேலையெல்லாம் ஐந்து நாளில் நடக்காது. பிடுங்கலாம். வெளிறிய கோட்டோடு இருக்கும் அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு வலி இல்லையே, ஆகவே அவள் வரிசையிலேயே இருக்க மாட்டாள். அடுத்த வருடம் வருவாள், பிடுங்க வேண்டியவர்களில் ஒருத்தியாக.

அந்த மருத்துவர் கெட்டிக்காரராகவும் அன்பானவராகவும் இருக்கலாம், கணக்கு மாறாது. இன்னொன்றும் நடக்கிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால், பல் மருத்துவர் என்றாலே பல்லைப் பிடுங்குகிறவர் என்று ஊர் முடிவு கட்டிவிடும். வலி தாங்க முடியாத அளவுக்கு வரும்வரை யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று வெளியாட்கள் சொல்வது இந்த இடத்தில்தான், எனக்கு அது எரிச்சலூட்டும். அந்த ஊர் தன் அனுபவத்தில் இருந்து சரியாகத்தான் பாடம் படித்திருக்கிறது.

சரி, மருத்துவரை அங்கேயே குடியமர்த்தலாமே என்றால், அமெரிக்காவில் பல் மருத்துவராக உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு வழக்கமாக 8 வருடம் ஆகிறது. முடிக்கும்போது தலைமேல் பெரிய கல்விக் கடன். வீடு கிடைக்காத, துணைக்கு வேலை இல்லாத, 400 பேர் உள்ள ஊரில் அவர் எத்தனை வருடம் இருப்பார்? அதோடு 400 பேருக்கு ஒரு முழு நேரப் பல் மருத்துவர் தேவையும் இல்லை.

ஊரிலேயே ஒருவர்

இந்த முடிச்சை அவிழ்க்க வந்த யோசனைதான் டென்டல் தெரபிஸ்ட், பல் சிகிச்சையாளர். பல் மருத்துவர் செய்யும் வேலைகளில் அன்றாடம் தேவைப்படும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது: பரிசோதனை, எக்ஸ்ரே, சுத்தம் செய்வது, வார்னிஷ், சாதாரண அடைப்பு, பால்பல்லுக்கு எஃகுத் தொப்பி, சிக்கலில்லாத பல் பிடுங்கல். இவற்றை மட்டும் இரண்டு வருடம் நன்றாகச் சொல்லிக்கொடுத்து, அந்த வட்டாரத்து ஆளையே அங்கே வேலைக்கு வைப்பது.

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை, நூறு வருடம் பழையது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது நியூஸிலாந்து இளைஞர்களின் பற்கள் இருந்த லட்சணம் அந்த நாட்டை உலுக்கியது. 1921-இல் வெலிங்டனில் இளம் பெண்களைப் பள்ளிப் பல் நர்ஸுகளாகப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வருடப் பயிற்சி. பிறகு பள்ளிக்கூட வளாகத்திலேயே சின்ன கிளினிக். பிள்ளைகள் அந்த கிளினிக்கைக் ‘கொலைக்கூடம்’ என்று அழைத்தார்கள். அந்தக் காலத் துளையிடும் கருவியை யோசித்தால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முறை நிலைத்தது, பல நாடுகளுக்குப் பரவியது.

அலாஸ்காவில் இது முளைக்க ஏற்ற மண் ஏற்கெனவே இருந்தது. 1960-களில் இருந்தே கிராமத்து ஆட்களைச் சுகாதார உதவியாளர்களாகப் பயிற்றுவித்து, தூரத்தில் இருக்கும் மருத்துவர் ரேடியோவிலும் பிறகு தொலைபேசியிலும் வழிகாட்ட, அவர்கள் சிகிச்சை தருவது வழக்கத்தில் இருந்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் முடிகிறது என்றால் பல்லுக்கு ஏன் முடியாது? அமெரிக்காவில் அப்போது இதைச் சொல்லித்தரக் கல்லூரி இல்லை. ஆகவே 2003-இல் அலாஸ்கா பூர்வகுடிகளின் சுகாதாரக் கூட்டமைப்பு தன் ஆட்களில் சிலரை உலகின் மறுகோடிக்கு, நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள்.

2006-இல் வழக்கு வந்தது. தொடுத்தவர்கள் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும் அலாஸ்கா பல் மருத்துவர் சங்கமும். மருத்துவர் பட்டம் இல்லாதவர் பல்லைத் தொடுவது மாநிலச் சட்டப்படி தவறு, நோயாளிக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். பூர்வகுடிகளின் சுகாதாரத்துக்கான மத்தியச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்பது எதிர்வாதம். 2007-இல் நீதிமன்றம் கூட்டமைப்பின் பக்கம் நின்றது, வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே வருடம் பயிற்சியையும் அலாஸ்காவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆபத்து என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது, அதற்கு அந்த முறையே வைத்திருக்கும் பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடப் படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விட முடியாது. ஒரு பல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் குறைந்தது 3 மாதம் அல்லது 400 மணி நேரம், எது அதிகமோ அது வரைக்கும், வேலை செய்ய வேண்டும். எந்தெந்த வேலையைச் செய்யலாம் என்று அந்த மருத்துவர் ஆளைப் பார்த்து எழுதிக்கொடுப்பார். அப்புறம்தான் கிராமம். அங்கே சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேயையும் படத்தையும் அனுப்பிவிட்டு, நகரத்தில் இருக்கும் மருத்துவரிடம் பேசுவார்கள். ‘இந்தக் கடைவாய்ப்பல்லை நீயே எடுக்காதே, வேர் வளைந்திருக்கிறது, இங்கே அனுப்பு’ என்று அவர் சொன்னால் அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பலமே எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதில் தெளிவாக இருப்பதுதான். மருத்துவருக்கு வேலை போவதும் இல்லை. சாதாரண அடைப்பெல்லாம் ஊரில் முடிந்துவிடுவதால், அவர் பயணம் வரும்போது வேர் சிகிச்சை, செயற்கைப் பல் என்று அவரால் மட்டுமே முடிந்ததைச் செய்ய நேரம் கிடைக்கிறது.

பலன் உண்டா? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2015 வரை, நாம் பார்த்த அதே கழிமுகத்துக் கிராமங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் அதிக நாள் வேலை செய்த ஊர்களில், அவர் எட்டிப்பார்க்காத ஊர்களைவிடப் பெரியவர்களுக்குப் பல் பிடுங்குவது குறைவு, தடுப்புச் சிகிச்சை அதிகம். மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு முன்பற்கள் நான்கைப் பிடுங்குவதும் குறைவு. அந்த நான்கை மட்டும் ஏன் தனியாக எண்ணினார்கள்? இனிப்பு பானம் நிரப்பிய புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு முதலில் அரிபடுவது மேல்வரிசை முன்பற்கள்தான். அவை தப்பின என்றால், அந்த வெளிறிய கோட்டை யாரோ நேரத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆய்வில் எளிதாக அகப்படாத ஒன்றும் இருக்கிறது. சிகிச்சையாளர் யூப்பிக் பேசுகிறவராக இருந்தால் பாட்டியிடம் பாட்டியின் மொழியிலேயே பேசலாம். கடையில் பார்க்கும்போது, ‘என்ன, புட்டியில் இன்னும் சோடாதானா?’ என்று உரிமையோடு கேட்கலாம். ஒரு வாரம் வந்து போகிறவர் அதே கேள்வியைக் கேட்டால் அது திட்டு.

தண்ணீர், சோடா, தூரிகை

எல்லாவற்றையும் சிகிச்சையாளர் தலையில் கட்டவும் கூடாது. மீனும் கடல்நாய் இறைச்சியும் காட்டுப் பழமும் தின்று வாழ்ந்த காலத்தில் சர்க்கரை அந்த மக்களின் வாய்க்குள் அரிதாகத்தான் போனது. விமானத்தில் வந்த டப்பா உணவும் குளிர்பானமும் அதை மாற்றின. அலாஸ்காவின் பல கிராமங்களில் இன்றும் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. ஓரிடத்தில் பிடித்துச் சுமந்துவர வேண்டும். குழாய் இல்லாத ஊரில் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதும் முடியாது, கையில் எளிதாகக் கிடைப்பது சோடாவாகவும் இருக்கும். அலாஸ்காவின் 2008 ஆய்வு சொத்தையோடு சேர்த்துக் காட்டியதும் இந்த இரண்டையும்தான். தண்ணீர்க் குழாய் போடும் பொறியாளரும் ஒருவகையில் பல் வைத்தியர்தான்.

அதுவரைக்கும் கைக்கு அடக்கமான சில வழிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான அபாரிஜினல் மக்களின் 30 ஊர்களை எடுத்துக்கொண்டு, பாதி ஊர்களில் இரண்டு வருடம் சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் பூசி, பெற்றோரிடமும் ஊர்க்காரர்களிடமும் பேசிப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி புதிய சொத்தை, கணக்கிடும் முறையைப் பொறுத்து, 24 முதல் 36 சதவீதம் வரை குறைந்தது. இன்னொன்று சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவம். ஊசியும் வேண்டாம், துளையும் வேண்டாம்; சொத்தையின் மேல் ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலும் அது மேற்கொண்டு அரிக்காமல் நின்றுவிடும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. குறை என்னவென்றால், தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாயில் இருந்தால் யாருக்கும் தெரியாது. முன்பல்லில் என்றால், சிரிக்கும்போது தெரியும் அந்தக் கறுப்புக்குப் பெற்றோர் சம்மதிக்கிறார்களா என்று உட்கார்ந்து பேசிக் கேட்கத்தான் வேண்டும். ‘அந்த ஊர்ப் பிள்ளைக்கு இது போதும்’ என்று தடவிவிட்டுப் போனால் அது சிகிச்சையே கிடையாது.

இப்படிக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கனடாவில் ஒரு கசப்பான பழைய கதை இருக்கிறது. 1948 முதல் 1952 வரை, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து வைத்திருந்த ஆறு உறைவிடப் பள்ளிகளில் அரசு ஆய்வாளர்கள் சத்துணவுச் சோதனை நடத்தினார்கள். ஈறும் பல்லும் எப்படி மாறுகின்றன என்பது அவர்களுக்கு ஓர் அளவுகோல். பல் சிகிச்சை கொடுத்தால் அந்த அளவு குழம்பிவிடுமாம். ஆகவே அதுவரை கிடைத்துவந்த சில பல் சிகிச்சைகளையும் அந்தப் பிள்ளைகளுக்கு நிறுத்தினார்கள். இயன் மாஸ்பி என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களில் இருந்து தோண்டி 2013-இல் இதை வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் தாத்தா பாட்டி ஆனவர்கள். வெள்ளை மேலங்கியோடு வருகிற மருத்துவரிடம் வாயைத் திறக்க ஒரு குடும்பம் தயங்கினால் அதைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் அபாரிஜினல் மக்கள் தங்களுக்கென்று மருத்துவ நிலையம் தொடங்கி, நிர்வாகத்தைத் தாங்களே வைத்துக்கொண்டதற்குப் பின்னாலும் இந்த மாதிரி அனுபவங்கள்தான். நாற்காலி எங்கே இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. அது யாருடைய நாற்காலி என்பது மறுபாதி.

கனடாவிடம் சிகிச்சையாளர் முறையும் இருந்தது, அலாஸ்காவுக்கு முப்பது வருடம் முன்பே. 1972-இல் வடமேற்குப் பிரதேசத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள், 1980-களில் அதை சஸ்காச்சுவானின் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு மாற்றினார்கள். பயின்றவர்கள் வடக்கே ஊர் ஊராக வேலை பார்த்தார்கள். 2011-இல் மத்திய அரசு நிதியை நிறுத்தியது, பள்ளியை மூடினார்கள். இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, அவர்கள் இடத்துக்கு வர ஆள் இல்லை. 2023-இல் சஸ்காச்சுவானில் பயிற்சி மறுபடி தொடங்கியது. பள்ளியை மூடியபோது மூன்று வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது பதினைந்து வயது. பால்பற்கள் எப்போதோ விழுந்திருக்கும்.